அண்ணன் பேசும் வேகம்

கிடாரின் முதல் தந்தி மறுபடியும் அறுந்தது.

"போச்சு," என்றார் அண்ணன். தந்தி அறுந்து, சுருண்டு, அவர் கன்னத்தைத் தடவிவிட்டுத் தொங்கி ஓய்ந்த பிறகுதான் அந்த ஒரு வார்த்தை முழுதாக வெளியே வந்தது.

"வேற கம்பெனி தந்தி வாங்குங்கன்னு போன வாரமே சொன்னேன்ல, சார்?" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்த நர்ஸ் தன் மணிக்கட்டை உருவிவிட்டபடி கேட்டார்.

"வாங்கிட்டேன்… தம்பி. இது… புதுக் கம்பெனிதான்."

கம்பளக் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு அது. சுருட்டிய கம்பளங்கள் நாலு பக்கமும் கூரைவரை அடுக்கியிருந்தன. உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. கடைக்காரர் அண்ணனின் சிநேகிதர். செருப்போடு உள்ளே வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் சாவியைக் கொடுத்திருந்தார். ஆகவே வெறுங்காலோடு ராக் வாசிக்கும் குழுவாக ஆகிவிட்டது 'ஈரச்சுவர்'.

இருபது வருடங்களுக்கு முன்பு அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள். ஒத்திகை அறையின் சுவர் எந்தக் கோடையிலும் காயாததால் வந்த பெயர். பழைய டிரம்ஸ்காரர் நாட்டை விட்டே போய்விட்டார். பேஸ் கிடார் வாசித்தவர் இசையை விட்டே போய்விட்டார். மிஞ்சியவர்கள் அண்ணனும் தங்கையும். அண்ணன் லிப்ட் மெக்கானிக். தங்கை பல் டாக்டர். அவள்தான் பாடகி.

பிரிவதற்கு முன்னால் குழு ஒரு ஆல்பம்கூட வெளியிடவில்லை. ஒத்திகையில் பதிந்த ஒரே ஒரு கேசட் மட்டும் மிச்சம். அது இந்த வருடம் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து விழுந்து அவர் தலையில் அடித்தது. அந்த அடியில்தான் அவருக்கு ஆசை வந்தது என்று அவருடைய மகள் சொல்வாள். எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை, எந்தக் கம்பெனியையும் கேட்கப் போவதுமில்லை. பாட்டுகளை நாமே பதிவு செய்து நாமே வெளியிடுவோம் என்று அண்ணன் அறிவித்தார். அறிவித்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது.

டிரம்ஸுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் கிடைத்தார். முப்பது வயது, எப்போதும் சிரித்த முகம். ஒவ்வொரு பாட்டையும் தொடங்குமுன், "லேசா வலிக்கும், பொறுத்துக்கணும்" என்று சொல்லாமல் அவர் குச்சியை எடுப்பதில்லை. பேஸுக்கு அண்ணன் மகளே வந்தாள். இருபத்து நாலு வயதானாலும் வீட்டில் வைத்த 'வாண்டு' என்ற பெயர் போகவில்லை. அவள்தான் கேசட்டிலிருந்த பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பினாள். புதியவர்கள் அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். பழையவர்களும் அதைக் கேட்டுத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை," என்றாள் டாக்டர்.

"அத்தை, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு…"

"குடிச்சுக் குடிச்சு வயித்துல மீன் வளர்க்கலாம் போல இருக்கு. ஆரம்பிங்க."

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 'எட்டாவது மாடி'. நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவனின் பாட்டு. கடைசியில் 'மேலே' என்று ஒரே ஒரு வார்த்தை வரும். அதை உச்சத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் மொத்தப் பாட்டும்.

அண்ணன் புதுத் தந்தி கட்டினார். கேசட்டிலிருந்த சுருதிக்கு அதை முறுக்கினார். நர்ஸ் வலிக்கும் என்று எச்சரித்தார். பாட்டு ஓடியது. டாக்டர் மூச்சை இழுத்து, தோளை உயர்த்தி, 'மேலே'வுக்குத் தாவினாள்.

எண்ணெய் காணாத கதவைத் திறந்தது போல ஒரு சத்தம் வந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நர்ஸ் தன் குச்சியில் ஏதோ கீறலை ஆராய்ந்தார். வாண்டு கால்விரலால் கம்பளத்தின் ஓரத்தை நெருடினாள். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம்… சொல்லணும்."

பிறந்ததிலிருந்து டாக்டர் கேட்டு வளர்ந்த வாக்கியம் அது. அதற்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பல்லையே பிடுங்கிவிடலாம்.

"சொல்லு அண்ணா."

"சனிக்கிழமை… ரெக்கார்டிங்காரர் வந்துடுவார். அந்த ஒரு பாட்டை மட்டும்… வாண்டு பாடட்டுமா? மத்ததெல்லாம்… நீதான்."

டாக்டர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. "பாடட்டுமே. சின்னப் பொண்ணு, நல்லா வரும்."

"நான் பாட மாட்டேன்," என்றாள் வாண்டு.

"ஏண்டி?" என்றாள் டாக்டர்.

"பாட மாட்டேன்னா பாட மாட்டேன். காரணம் கேக்காதீங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். அவர் ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வியாழக்கிழமைவரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள வரலேன்னா நானே அவளுக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

கம்பளங்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. மற்ற பாட்டுகளை யார் பாடினாலும் அவளுக்குக் கவலையில்லை. இந்தப் பாட்டில் தன் குரல் இல்லாமல் அந்த ஆல்பம் வெளிவந்தால், அதை அவள் ஒரு தடவைகூடக் கேட்க மாட்டாள்.

அடுத்த நாள் முதல் வேலையாக, காது மூக்குத் தொண்டை பார்க்கும் சிநேகிதியிடம் போனாள். அவள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கு. யாரு உனக்குக் குறைன்னு சொன்னது?" என்று திட்டி அனுப்பினாள்.

குறை இல்லையென்றால் வயசுதான். வேறு என்ன?

ஆஸ்பத்திரி நாற்காலியில் ஆள் மாறும் இடைவெளியிலெல்லாம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அதில் பாடிய பெண்ணைக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. ஊசி போன்ற குரல். மூச்சு வாங்காமல், முயற்சியே தெரியாமல், 'மேலே'யில் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினாள். நானா இது? இவ்வளவு லகுவாகவா பாடினேன்? அந்த வயதில் படியேறவே மூச்சு வாங்குமே எனக்கு?

இன்னொன்றும் உறுத்தியது. பாட்டின் கடைசி ஒலி அடங்கியதும் ஒரு சிரிப்பு கிளம்பும். எல்லோருமாகச் சேர்ந்து வெடிக்கும் சிரிப்பு. கிளம்பிய கையோடு கத்தரித்தது போல நின்றுவிடும். எதற்காகச் சிரித்தோம்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். சுத்தமாக ஞாபகம் வரவில்லை.

புதன்கிழமை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கடைவாய்ப் பல்லோடு வந்தார். வாயை அகலத் திறந்துவைத்திருப்பவரிடம்தான் மனம்விட்டுப் பேச முடியும் என்பது டாக்டரின் அனுபவம். குடைந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். குரல், அண்ணன், அண்ணன் மகள், அந்தப் பழைய பெண், பாதியில் நிற்கும் சிரிப்பு. வாத்தியார் "ஆ… ஆ…" என்று அனுதாபப்பட்டார்.

"துப்பிடுங்க சார்."

அவர் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார். "குரல் கதையெல்லாம் இருக்கட்டும் டாக்டர். எதுக்குச் சிரிச்சீங்க?"

"அதான் தெரியலேன்னேனே."

"கேசட்ல இருக்குமே. எடுத்துக் கேக்க வேண்டியதுதானே? எனக்கே இனிமே ராத்திரி தூக்கம் வராது போல இருக்கு. அடுத்த தடவை வரும்போது சொல்லிடணும், ஆமா."

வியாழக்கிழமை மாலை டாக்டர் அண்ணன் வீட்டு மணியை அடித்தாள். வாண்டுதான் திறந்தாள். அண்ணன் எங்கோ மாட்டிக்கொண்ட லிப்டை விடுவிக்கப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் பாதி இடத்தைப் பழைய கேசட் டெக் பிடித்திருந்தது. கனமான கருப்புப் பெட்டி. அதன் மூடி ஸ்க்ரூக்கள் ஒரு டீக் கோப்பையில் கிடந்தன.

"அந்தச் சிரிப்புக்கு அப்புறம் என்ன இருக்கு, வாண்டு?"

"பேச்சுதான் அத்தை. பாட்டை மட்டும் ஏத்துன்னு அப்பா சொன்னார். நான் பேச்சு வந்ததும் நிறுத்திட்டேன், கேக்கவே இல்லை." சற்றுத் தயங்கினாள். "அத்தை, அன்னிக்குக் கோவமா?"

"உன்மேல எதுக்குக் கோவம்? ஏன் பாட மாட்டேன்னே? அதை மட்டும் சொல்லு."

வாண்டு வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் வரலை. குளிக்கறப்ப பாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டிட்டாங்க, ஏதாவது ஆபத்தான்னு."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். இருபத்து நாலு வயதுத் தொண்டைக்கும் வரவில்லையா?

கேசட்டைப் போட்டார்கள். 'எட்டாவது மாடி' ஓடி முடிந்தது. அந்தப் பெண் 'மேலே' உட்கார்ந்து காலை ஆட்டினாள். சிரிப்பு வெடித்தது. இந்த முறை நிற்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் ஒருவர் மடமடவென்று பேசினார்.

"ஒரு விஷயம் சொல்லணும் யாரும் சிரிக்கக் கூடாது கடைசி வரியில நான் தப்பா வாசிச்சுட்டேன்."

உடனே ஒரு பெண்குரல் கீச்சென்று குறுக்கிட்டது. "அது கேட்டுத்தான் சிரிச்சோம்! நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள கேசட்டே தீந்துடும் அண்ணா!" மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரு அத்தை அது, பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி பேசறது?"

டாக்டர் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். ஒரு விஷயம் சொல்லணும் யாரும் சிரிக்கக் கூடாது.

"உங்க அப்பா," என்றாள்.

"எங்க அப்பாவா? அவர் போன்ல 'ஹலோ' சொல்றதுக்குள்ள அந்தப் பக்கம் வச்சுடுவாங்க!"

"அவரேதான். அப்பவும் இப்படித்தான் இழுப்பார். அதைச் சொல்லித்தானே எல்லாரும் சிரிக்கறோம், கேளு! மெதுவாப் பேசறார்னு கேலி பண்றோம். ஆனா இங்க…"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் இருவரும் அந்தக் கருப்புப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அத்தை," என்றாள் வாண்டு மெல்ல, "இந்த டெக் வேகமா ஓடுது."

கேசட் வேகமாக ஓடினால் பேச்சு விரையும். பாட்டும் விரையும். விரைவதோடு நிற்காது, சுருதியும் மேலே ஏறும். ஒரு கட்டையாவது ஏறியிருக்க வேண்டும். அண்ணன் தந்திகளை அந்தச் சுருதிக்கு முறுக்கியிருக்கிறார், தந்தி அறுந்திருக்கிறது. நர்ஸ் அந்த வேகத்தில் அடித்திருக்கிறார், மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அவளோ…

கதவு திறந்தது. அண்ணன் கையில் கருவிப் பையோடு உள்ளே வந்தார். இரண்டு பெண்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"என்ன… ஆச்சு?"

"அண்ணா, இந்த டெக்கை என்ன பண்ணே?"

"ஏன்? நல்லாத்தானே… ஓடுது."

"நல்லாத்தான் ஓடுது. குதிரை மாதிரி ஓடுது. என்ன பண்ணே?"

அண்ணன் பையை இறக்கிவைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. பரணிலிருந்து எடுத்தபோது டெக் முனகிக்கொண்டு ஓடியது. உள்ளேயிருந்த ரப்பர் பட்டை தளர்ந்திருந்தது. புதுசு போட்டார். அப்போதும் பாட்டு சோர்ந்தாற்போல இருந்தது. மோட்டாரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

"எதுவரைக்கும் திருப்பினே?"

"சரியாக் கேக்கற… வரைக்கும்."

"சரின்னு எதை வச்சு முடிவு பண்ணே?"

"நம்ம பாட்டு எப்படி இருந்துச்சுன்னு… எனக்குத் தெரியாதா?"

"லிப்டுக்கும் இப்படித்தான் வேகம் வைப்பீங்களாப்பா?" என்றாள் வாண்டு.

"ஐயையோ! அதுக்கு… மீட்டர் இருக்கு." சொல்லிவிட்டு அண்ணன் சட்டென்று நிறுத்தினார். அவர் முகம் மாறியது. தலையைச் சொறிந்துகொண்டு தங்கையைப் பார்த்தார். "நாம அப்ப… அவ்வளவு வேகமா இருந்தோம்னு… நினைச்சேன். அதான் ஞாபகத்துல இருந்துச்சு. சோர்வாக் கேட்டதும்… மெஷின் தப்புன்னு தோணிச்சு."

டாக்டருக்குக் கோபம் வர வேண்டும். வாரக்கணக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டது அவள். ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது.

"அப்படின்னா நிஜமா எப்படி இருந்தோம்? கேக்கணும் அண்ணா. இப்பவே கேக்கணும்."

"ஸ்க்ரூவைத் திருப்பலாம். எதுவரைக்கும்னு… எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல நாம ட்யூனர்கூட… வச்சுக்கலையே. பேஸ்காரர் 'உம்'னு முனகுவார். அதுக்குத்தானே… எல்லாரும் சுருதி சேர்ப்போம்."

"அளவுகோல் வீட்டுலயே இருக்கே," என்றாள் டாக்டர். "உலகத்துல எது மாறினாலும் நீ பேசற வேகம் மாறாது. சொல்லு."

"எதை?"

"ஒரு விஷயம் சொல்லணும்னு சொல்லு."

அண்ணன் அசடு வழிந்தார். வாண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மோட்டாருக்குப் பின்னால் நுழைத்தாள். டாக்டர் கேசட்டை ஓட்டினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும் யாரும் சிரிக்கக் கூடாது," என்றது டெக்.

"ஒரு விஷயம்… சொல்லணும். யாரும்… சிரிக்கக் கூடாது," என்றார் அண்ணன்.

"இன்னும் குறை, வாண்டு."

"அப்பா, இன்னொரு தடவை."

"ஒரு விஷயம்… சொல்லணும்…"

"அப்பா, வேணும்னு இழுக்காதீங்க! இயல்பாப் பேசுங்க!"

"இதுதான்டி… என் இயல்பு!"

குறைத்தார்கள், கேட்டார்கள், அதிகமாகக் குறைந்து டெக்குக்குள்ளிருந்து ஒரு கிழவர் பேசியபோது மறுபடி கூட்டினார்கள். அண்ணன் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் டெக்கிலிருந்தவரும் நாற்காலியில் இருந்தவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே இடத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் முடித்தார்கள்.

வாண்டு ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக வெளியே எடுத்தாள்.

பாட்டைப் போட்டார்கள்.

அது வேறு பாட்டாக இருந்தது. கனமாக, நிதானமாக, ஒவ்வொரு அடியும் தரையில் ஊன்றி வந்தது. ஊசிக்குரல் போய்விட்டது. பாடியவளின் குரலில் சற்றே கரகரப்பு இருந்தது. வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. 'மேலே' வந்தபோது அவள் உட்கார்ந்து காலை ஆட்டவில்லை. கையில் மூட்டையோடு கடைசிப் படியில் கால் வைப்பவளைப் போல உந்தி ஏறி, லேசாகத் தடுமாறி, நின்றாள்.

"அத்தை," வாண்டு மெல்லச் சொன்னாள். "இது நீங்க."

டாக்டர் தலையாட்டினாள். ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு பக்கம், நாலு நாளாகக் காதோடு வைத்துக்கொண்டு பொறாமைப்பட்ட அந்தப் பெண்ணை வழியனுப்பவும் வேண்டியிருந்தது.

"அப்படி ஒருத்தி இருந்ததே இல்லையா," என்றாள். "இல்லாத ஒருத்தியோட போட்டி போட்டுத் தோத்துக்கிட்டு இருந்தேனா நான்?"

"நானும்… அவளைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்," என்றார் அண்ணன்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது நர்ஸ் குதிக்காத குறை. "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா? எலும்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுட்டேனே!" ஆனால் புது வேகத்துக்கு உட்கார்ந்ததும் அவர் சிரிப்பு மறைந்தது. வேகமாக அடித்துப் பழகிய கை, மெதுவாக அடி என்றால் கேட்குமா? ஒவ்வொரு பல்லவியிலும் ஓடப் பார்த்தது. "டாக்டர், இதுதான் நிஜமா வலிக்குது" என்றார்.

சனிக்கிழமை ரெக்கார்டிங்காரர் மைக்குகளோடும் லேப்டாப்போடும் கிடங்குக்கு வந்தார். ஒல்லியான, எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். செருப்பைக் கழற்றச் சொன்னதற்குக்கூட ஆச்சரியப்படவில்லை. "பாட்டு முடிஞ்சாலும் நான் கை இறக்கறவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. கடைசி ஒலி அடங்கணும்," என்று மட்டும் சொன்னார்.

முதல் முயற்சியில் நர்ஸ் ஓடினார். டாக்டரும் கூடவே ஓடி, 'மேலே'வுக்கு முன்பே மூச்சு தீர்ந்து நின்றாள்.

"ஸாரி டாக்டர், ஸாரி, ஸாரி."

"நர்ஸ், உங்க வார்டுல வயசானவங்களை நடக்க வைப்பீங்கல்ல?"

"தினமும்."

"கையைப் பிடிச்சு எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

நர்ஸ் குச்சிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அவங்க நடைக்கு."

"அவ்வளவுதான். நான் வயசானவள்னு சொல்லலை, புரிஞ்சுதா?"

வாண்டு பக்கென்று சிரித்தாள். ரெக்கார்டிங்காரர் கையை உயர்த்தினார். நர்ஸ் இந்த முறை வலிக்கும் என்று எச்சரிக்கவில்லை.

பாட்டு நடந்தது. ஓடவில்லை, நடந்தது. லிப்ட் நின்றது, விளக்கு அணைந்தது, உள்ளே இருந்தவன் கதவைத் தட்டினான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. அவள் தாவவில்லை. கடைசிப் படியில் காலை வைத்தாள், உந்தினாள். 'மேலே' வந்தது. நடுவில் லேசாகத் தடுமாறியது, விழவில்லை. மூச்சு தீரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

கிடாரின் கடைசி ஒலி கம்பளங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ரெக்கார்டிங்காரரின் கை இன்னும் உயரத்தில்தான் இருந்தது. யாரும் மூச்சு விடவில்லை.

"ஒரு விஷயம்… சொல்லணும்," என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். வாண்டு வெடித்தாள். நர்ஸின் குச்சி கீழே விழுந்து உருண்டது. டாக்டர் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

ரெக்கார்டிங்காரர் பெருமூச்சோடு கையை இறக்கினார். "பரவாயில்லை, ஒலி அடங்கிடுச்சு. அந்தப் பேச்சையும் சிரிப்பையும் வெட்டிடறேன். அப்புறம் அந்த உச்ச இடத்துல குரல் லேசா ஆடுது. கம்ப்யூட்டர்ல நேராக்கிடலாம்."

"ரெண்டையும் தொடாதீங்க," என்றாள் டாக்டர்.

"பேச்சு எதுக்கு மேடம் ஆல்பத்துல?"

"வேணும்," என்று வாண்டு முந்திக்கொண்டாள். "என்னிக்காவது யாராவது இதைத் தப்பான வேகத்துல போட்டாங்கன்னா, அப்பா பேச்சை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்."

ரெக்கார்டிங்காரர் அன்றைக்கு முதன்முறையாக ஆச்சரியப்பட்டார். அவர் கேட்க வாயெடுப்பதற்குள் டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சரி அண்ணா, என்னவோ சொல்ல வந்தியே. எங்கேயாவது தப்பா வாசிச்சுட்டியா?"

அண்ணன் குனிந்து கிடாரைப் பார்த்தார். முதல் தந்தியை விரலால் ஒரு தடவை தடவினார். நிமிர்ந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தந்தி…" என்றார். "அறுபடவே… இல்லை."